சாராயத்தில் மிதந்த பேய்ச்சுறா

இன்று காலை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என் கைப்புண்ணை ஸ்பிரிட்டால் துடைத்தார். எரிச்சல் தெரியுமுன் அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலிக்கவில்லையா என்று கேட்டார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நாம் இருவரும் ஒரே அறையில் தங்கி வாத்திச்சி வேலை பார்த்த காலம் அது. புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கியது என்று, கருவாட்டு வண்டிக்காரர் ஓலைப்பெட்டியில் ஒரு மீனை உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். "பேய்ச்சுறாம்மா. வலைக்காரன் ஒருத்தனும் தொடமாட்டேங்கான். பாத்துட்டு மண்ணுல புதைச்சிருங்க" என்றார். செதில் இல்லாத வழுவழுப்பான உடல், எலிக்கு இருப்பது போன்ற வால், முதுகில் ஒரு முள், முயலுடையது போன்ற முன்பல். கண் மட்டும் அந்தத் தலைக்கு மிகப் பெரிது. சுறாவுக்குத் தூரத்து உறவு, வெயில் எட்டாத ஆழத்தில் வாழ்வது என்று பள்ளியின் வெள்ளைக்கார அம்மா சொன்னதும், அன்று முழுக்க உனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏளா, வெளிச்சமே இல்லாத எடத்துல இம்புட்டுப் பெரிய கண்ணை வச்சு எதைப் பாக்குது?"

மறுநாளே நாற்றம் தொடங்கிவிட்டது. சாராயத்தில் போட்டால் கெடாது என்றாய். பள்ளியின் மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசியே நீதான்! யாரையாவது அனுப்பிச் சத்தமில்லாமல் வாங்கு என்று கெஞ்சினேன். "ஒளிச்சு வாங்குனாத்தாம்ளா தப்பு" என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் குடையைப் பிடித்துக்கொண்டு சாராயக்கடைக்கே நடந்தாய். ஊரே வேடிக்கை பார்த்தது.

போதகர் ஐயா உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். "ஞாயித்துக்கெழமை சபைக்கு முன்னால தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி. வேலைக்கு ஒரு பழுதும் வராது" என்றார். சனிக்கிழமை நீ மீனின் வயிற்றைக் கீறினாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்ணம் பிடித்தேன். உள்ளே நொறுங்கிய சிப்பியும் நண்டுக்காலும் கிடந்தன.

"அங்கனயும் நண்டு இருக்கு, பாரேன். அந்த இருட்டுலயும் ஒண்ணு ஓடுது, ஒண்ணு தொரத்துது!" அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

மறுநாள் சபையில் எழுந்து நின்றாய். மன்னிப்புக் கேட்பாய் என்று எல்லோரும் காத்திருந்தோம். நீயோ மீனைப் பற்றிச் சொன்னாய். கண், பல், வயிற்றில் இருந்த நண்டு, ஒன்று விடவில்லை. "கர்த்தர் இவ்வளவு ஆழத்துல இதை வச்சிருக்காரு. நான் பாக்க ஆசைப்பட்டது தப்பில்ல ஐயா" என்று உட்கார்ந்துவிட்டாய். பிடிவாதக்காரி! ஒரு வார்த்தைதானே கேட்டார்கள்?

வேலை போயிற்று. ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்குப் போனாய். அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

உன் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். உன்னை அனுப்பியவர்கள் மீனை அனுப்பவில்லை. அந்தச் சாராய ஜாடி வகுப்பு மேசைமேல்தான் இருக்கிறது. போன வாரம் ஒருத்தி எழுந்து, "அவ்வளவு பெரிய இருட்டுக் கடல்ல இதுக்கு எப்படிம்மா துணை கிடைக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். நீ இப்போது அதைப் படைத்தவர் பக்கத்தில் இருக்கிறாய். கேட்காமல் இருந்திருக்க மாட்டாய். என்ன சொன்னார்?