உன் போனில் திறக்காத பக்கம்

லோஹா, ஞாயிறு, பூசை முடிந்து

மகள் லூர்தெஸுக்கு உன் அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர, ஸ்பெயின் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் சுகம் விசாரிக்க மட்டும் எழுதவில்லை, எனக்கு உன்மேல் கோபம், ஐந்தாவது வரை படித்த கை, இதைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

உன் மகள் அனாயி போன வாரம் ஒரு சர்வர் செய்து முகவரியை முதலில் உனக்குத்தான் அனுப்பினாள். இன்றைக்கு எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்று யார் கேட்டாலும் அது ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டாம், பிரவுசருக்குள் ஓடுவதை இவள் வெளியே கொண்டுவந்து ஓட்டுகிறாளாம், பாதிதான் புரிந்தது, ஆனால் அவள் மடிக்கணினியில் பக்கம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். நீ என்ன செய்தாய்? திறக்கவில்லை என்றதும், நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் குரல் செய்தி அனுப்பினாய், "ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு படிப்பு, இங்க வந்து என்கூட லெட்டூஸ் கீரை பறிக்கட்டும், டிக்கெட் போட்டுட்டேன்" என்று. உன் அண்ணி சிரித்தேவிட்டாள். பிள்ளை தட்டை விட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் அதே முகவரியை என் போனில் போட்டேன், எனக்கும் வரவில்லை. "ஏன்டி, உன் பொட்டியில வருது, என் போன்ல வரலயே?" என்று காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாட்டி, லோக்கல்ஹோஸ்ட்னு அனுப்பித் தொலைச்சிருக்கேன்! அப்படின்னா 'இந்த மெஷினே'ன்னு அர்த்தம். அம்மா போன் தன் வயித்துக்குள்ளயே சர்வரைத் தேடியிருக்கும்." இந்த வேலையில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பாம். அங்கே முர்சியாவில் முதல் நாள் நீ எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டுப் போனில் அழுதாயே, நான் சிரித்தேனா?

இப்போது அணைக்காமல் ஓடுகிற ஒரு வாடகைக் கணினிக்கு அதை மாற்றிவிட்டாள், தெருவே பார்க்கிறது. தண்ணீர் வால்வு திருப்புகிற பெரியவர் தெயோஃபிலோ வந்து, "சோய்லாம்மா, உங்க பேத்தி புண்ணியத்துல இனி எவனும் தண்ணி எப்பன்னு கேட்டு என் கதவைத் தட்ட மாட்டான், கிழவன் நிம்மதியாத் தூங்குவேன்" என்றார்.

அப்படியும் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள். போகாதே என்றால், "அம்மா வாயால வேணாம்னு சொன்னா இருக்கேன்" என்கிறாள். என் பேச்சு போதவில்லை லூர்தெஸ், அவளுக்கு உன் பேச்சுதான் வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் வாபஸ் வாங்கு, வருகிற ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் போனை மேசை நடுவில் வைக்கிறேன். அந்த டிக்கெட்டையும் ரத்து செய்.

கடவுள் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும், குளிரில் கையுறை இல்லாமல் வயலுக்குப் போகாதே. புது முகவரியைத் தனித் தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன், பேசுவதற்கு முன் திறந்து கடைசி வரி வரை பார், செய்தவர் பெயர் போடுகிற இடத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் போட்டிருக்கிறாள்.

இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா சோய்லா