சோறு கூடாதாம்

1877 பெப்ரவரி 12, திங்கள். கண்டி

காலையில் மூடுபனி. கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிகள் விடியும் முன்பே ரயிலடிக்குப் போய்விட்டன. நான் வாசலில் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து கருகும் வாடை வந்தது. போய்ப் பார்த்தால், அடுப்பிலிருந்து உருண்ட தணல் என் மனைவி வடிவம்மாவின் இடது கால் விரல்மேல் கிடக்கிறது. அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். காலைப் பார் என்றேன். பார்த்துத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

கால் மரத்துப்போய் நாலைந்து மாதம் ஆகிறதாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

“வலிச்சா சொல்லலாம். வலிக்காததை என்னன்னு சொல்றது?”

பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பதில் வந்திருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

பெப்ரவரி 15, வியாழன்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைத்தியம் பார்க்கும் பறங்கி அப்போதிக்கரி நல்ல மனிதர். சிறுநீரை வாங்கிச் சோதித்துவிட்டு என்னிடம் இங்கிலீசில் பேசினார். நீரிழிவு. தீக்காயம் சின்னதுதான், ஆனால் இந்த நோயில் சின்னக் காயமும் ஆறாதாம். மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியமாம். அவர் சொல்லச் சொல்ல நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். சோறு கூடாதாம். சீனி, கருப்பட்டி, கிழங்கு கூடாதாம். முட்டை, இறைச்சி, கீரை, மோர் நல்லதாம்.

“நாம எந்தக் காலத்துல இறைச்சி தின்னோம்? கூடாதுன்னதை எல்லாம் விட்டுடறேன். அதை மட்டும் கேக்காதீங்க.”

பெப்ரவரி 17, சனி

அம்பிட்டியிலிருந்து வைத்தியர் அழகமுத்து வந்து நாடி பார்த்தார். உப்பு, புளி நிறுத்தி, பழைய அரிசியில் ஒரு வேளைக் கஞ்சி, ஆவாரம்பூக் கஷாயம். “இங்கிலீசு வைத்தியம் கப்பலுக்குக் கப்பல் மாறும். பத்தியம் மாறாது, வாத்தியாரே.”

கடைத்தெருவில் கணபதி வேறு பிடித்துக்கொண்டான். பலசரக்குக் கடையில் வைத்தியமும் சேர்த்து விற்பவன். இப்போது வியாபாரிகள் நடுவில் பால் மட்டும் குடிப்பதுதான் பேச்சாம்.

“எங்க மாமா மூணு மாசம் பாலே குடிச்சாருங்க. தொந்தி கரைஞ்சு வாழைத்தண்டு மாதிரி ஆயிட்டாரு.”

“இப்போது எப்படி இருக்கிறார்?”

“போய்ச் சேந்துட்டாரு. ஆனா ஒல்லியாத்தான் போனாரு.”

பெப்ரவரி 18, ஞாயிறு

மூன்றையும் வைத்துப் பார்க்கிறேன். பால் மட்டும் என்றால் உடம்பு இளைக்கும். இளைப்பதும் குணமாவதும் ஒன்றா? நோயாளியும்தான் இளைக்கிறான். வைத்தியரின் பத்தியத்தில் வயிற்றுக்கு ஓய்வு கிடைக்கும். எத்தனையோ காய்ச்சலுக்கு அது கேட்டதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் உப்பில்லாத ஒரு வேளைக் கஞ்சியில் இவள் எத்தனை நாள் எழுந்து நிற்பாள்? அப்போதிக்கரி சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் தங்காதபோது, ஓட்டையை அடைக்கத் தெரியாவிட்டாலும் ஊற்றுவதையாவது நிறுத்தலாம் அல்லவா? நெடுநாள் இப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியாதாம். அதை ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே நம்பத் தோன்றுகிறது.

அவர் வழிதான். இறைச்சி, முட்டை நீக்கி.

மார்ச் 4, ஞாயிறு

வடிவு சோற்றைத் தொட்டு நாளாகிவிட்டது. காலையில் பிட்டு, மத்தியானம் இடியாப்பம், ராத்திரி தோசை. பிலிமத்தலாவையிலிருந்து வந்த அவள் தங்கை யசோதா மூக்கில் விரல் வைத்தாள்.

“ஒரு வாய்ச் சோறு இல்லாம எப்படிக்கா இருக்க?”

“விரதம்னு நெனச்சுக்க வேண்டியதுதான். தெனமும் விரதம்.”

இவ்வளவு உறுதி என் மாணவர்களில் ஒருவனிடமும் பார்த்ததில்லை.

மார்ச் 21, புதன்

புண் கறுத்திருக்கிறது. தாகம் குறையவில்லை.

மார்ச் 22

அவள் நீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. இன்னும்.

ஏப்ரல் 2, திங்கள்

அவளால் நடக்க முடியாததால் அப்போதிக்கரியே வீட்டுக்கு வந்தார். காலைப் பார்த்து உதட்டைக் கடித்தார். சொன்னபடி சாப்பிடுகிறாளா என்றார். ஒரு பருக்கை சோறு தொடவில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பார்வை அடுப்படிப் பக்கம் போனது. தட்டில் இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அவளிடமே கேட்டார்.

“இது என்ன மாவு, அம்மா?”

“அரிசி மாவுதாங்க, தொரை.”

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஏப்ரல் 3, செவ்வாய்

தூக்கம் இல்லை.

அவர் சொன்ன இங்கிலீசுச் சொல் ஒன்றுதான், ரைஸ். வயலில் நின்றாலும், மூட்டையில் இருந்தாலும், இலையில் விழுந்தாலும் அவர்களுக்கு அது ஒரே சொல். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. இதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள் — “அப்போ நெல்லைத் தின்னுன்னு சொன்னா என்ன செய்றது, சார்?” அவர் சொன்னது அரிசி. நான் சோறு என்று சொல்லிவிட்டேன். சோறு இல்லாவிட்டால் விரதம், பலகாரம் — நம் வீடுகளில் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? பச்சப்புள்ளைக்கும் தெரியுமே பிட்டு எந்த மாவுல அவிக்கிறதுன்னு. எனக்கு எங்க போச்சு புத்தி.

அவளிடம் சொன்னேன்.

“ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் அர்த்தம் சரியாத்தான் சொன்னீங்க. வீட்டுக்கு வந்ததுதான் தப்பாப் போச்சு.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. மரம் மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 9, திங்கள்

இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அவ்வளவாக வலி தெரியவில்லையாம். எனக்கும் எதுவும் தெரியவில்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இனிக் கீரையும் மோரும் மட்டும் போதாது, புண் ஆற இறைச்சி, முட்டைச் சத்து வேண்டும் என்று அப்போதிக்கரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிச் சாப்பிட்டால் கால் தப்பலாம். இல்லாவிட்டால் அடுத்து முழங்காலுக்குக் கீழே. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். நான் முடிவு சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

வாவிக்கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பியபோது பக்கத்து வீட்டுக் கைரியா வடிவின் அருகில் உட்கார்ந்திருந்தாள். வடிவுதான் வேலிக்கு மேலே குரல் கொடுத்துக் கூப்பிட்டாளாம். கையில் மூடி போட்ட கோப்பையில் எலும்புச் சாறு.

“எலும்பு ஆணம்தான், அக்கா. மிளகு கூடப் போட்டீக்கி, வாடை தெரியாது. மூக்கைப் பிடிச்சிட்டுக் குடிங்கொ.”

“உன் வீட்டுக்கு வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டேன்னு இருந்தவ நான்.”

“இப்பவும் வரல்லதானே. நான்தான் வந்தீக்கிறன்.”

குடித்தாள். கண்ணை மூடவில்லை.

மே 20, ஞாயிறு

இந்தியாவில் பஞ்சம். மன்னாரிலிருந்து நடந்தே வந்தவர்கள் தெருவெல்லாம். கோப்பித் தோட்டங்களுக்குப் போகிறவர்கள், எலும்பும் தோலும். நேற்று வாசலில் நின்ற ஒருத்தி வடிகஞ்சி கேட்டாள். எனக்கு வடித்த சோற்றையே வடிவு கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் சாப்பிடுவதைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

சோறே கிடைக்காமல் ஒருத்தி. சோறு இருந்தும் தின்னக்கூடாமல் ஒருத்தி. உதாரணம் சொல்லியே பழகியவன் நான். இதற்கு ஒன்றும் வரவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

புண் மூடிவிட்டது. எறும்பு வருவதில்லை. அப்போதிக்கரிக்கு மகிழ்ச்சி. வைத்தியர் அழகமுத்துவும் வந்து பார்த்து, “சரிதான்” என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

ஆனால் அவள் மெலிந்து, மலச்சிக்கலில் தவிக்கிறாள். வாயில் ஒரு வாடை. பொழுதெல்லாம் பசி என்கிறாள். முட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். சாமி மாடத்துப் பக்கமே போவதில்லை. விளக்கை என்னை ஏற்றச் சொல்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காலைக் காப்பாற்றியதற்கு எதைக் கொடுத்தோம் என்று எந்த வைத்தியர் கணக்குப் பார்ப்பார்?

ஜூலை 13, வெள்ளி

விடியற்காலையில் தலை குளித்துவிட்டு வந்து நின்றாள்.

“இன்னைக்கு முட்டையும் வேணாம், ஆணமும் வேணாம்.”

“ஏன்?”

“வெள்ளிக்கிழமை விரதம். எல்லாரும் சோத்தை விட்டுட்டு இருப்பாங்க. எனக்கு விடறதுக்குச் சோறு எங்க இருக்கு? இதை விடறேன். ஒரு நாளைக்குக் கீரையும் மோரும் போதும். போன தடவையே தொரைகிட்ட கேட்டுட்டேன்.”

“எப்படிக் கேட்டாய்?”

“தமிழ்லதான். அவருக்குப் புரியிற வரைக்கும் கேட்டேன்.”

பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். துணி சுற்றிய காலோடு மெதுவாக நடந்தாள். வழியில் கையைக் கொடுத்தேன்; மேட்டில் மட்டும் பிடித்துக்கொண்டாள். பூசை முடியும் வரை நின்றாள். பூசாரி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அரிசி, சர்க்கரை இரண்டும் சேர்ந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், திரும்பி என் கையில் வைத்தாள்.

தின்றேன். பல மாதங்களுக்குப் பிறகு நாக்கில் ருசி தெரிந்தது.