இரை பிடித்தவருக்கே மீன்

13 பெப்ரவரி 1938, ஞாயிறு

செங்கலடி. நல்ல வெயில். மழைக்காலம் முடிந்துவிட்டதென்று இன்றைக்குத்தான் உறுதியாகச் சொல்லலாம். வயல்வெளியான வட்டைக்குப் போகும் பாதையில் வண்டில் தடங்கள் காய்ந்துவிட்டன. கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி ஒன்று அனுப்பினேன். ஏறாவூருக்கு அப்பால் எருமை மந்தை ஒன்று ரயிலை மறித்து நின்றதாம். பன்னிரண்டு என்றார் ஒருவர், இருபது என்றார் இன்னொருவர். போய்ப் பார்க்க முடியவில்லை. ‘சில எருமைகள்’ என்று எழுதினேன். இத்தனை காலத்தில் நான் அப்படி எழுதியதில்லை.

மாலை ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி ஹெக்டர் வந்து முழங்காலைப் பார்த்தார். மார்கழியில் மருதங்குளத்து அணைக்கட்டில் சைக்கிளோடு சறுக்கி விழுந்த கால். மடக்கச் சொன்னார். பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“நடக்கலாம். வண்டில்ல ஏறலாம். தண்ணிக்குள்ள, சேத்துக்குள்ள மட்டும் இறங்கப்படா. இன்னொருக்கா சறுக்கிச்செண்டா என்னட்ட வராதங்க, தச்சன்ட்டப் போங்க.”

“எப்ப மட்டும்?”

“எப்பயும்தான்.”

தண்ணீரில் இறங்காமல் தூண்டிலுக்கு இரை பிடிக்க முடியாது. இரை இல்லாமல் மருதங்குளத்துக்கு எதற்குப் போவது?

20 பெப்ரவரி, ஞாயிறு

விடிந்ததும் முகைதீன்பாவா வண்டிலோடு வந்தார். ஏறாவூரில் சீலைக்கடை வைத்திருப்பவர். எனக்கு நினைவு தெரிந்த நல்ல ஞாயிறுகள் எல்லாம் இவரோடு அந்தக் குளக்கட்டில் கழிந்தவை.

“இரைய நான் பிடிச்சுத் தாறன் மச்சான். நீங்க கட்டில குந்திக்கிட்டு தூண்டிலப் போடுங்க.”

“அப்ப சட்டப்படி மீன் உங்கட மீன்.”

“நீங்களே வெச்சிக்கங்க.”

“அது பிச்சை மீன்.”

“சட்டத்தத் தூக்கிக் குளத்துக்குள்ள எறியுங்க!”

“சட்டம் போட்டது நான்.”

“உங்கட தலைக்குள்ள இரிக்கிறது மூளையா களிமண்ணா மச்சான்?”

மாட்டைத் தட்டிக்கொண்டு தனியே போனார். வாசல் படலையடியில் நின்று வண்டில் வளைவில் திரும்பும் மட்டும் பார்த்தேன்.

22 பெப்ரவரி

அந்தச் சட்டம் பிறந்த கதையை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய யுத்தம் முடிந்த வருடம். அன்று எங்களிடம் இரை போட்டுவைக்க ஒரே மண்முட்டிதான். இரைக்குக் கெண்டை பிடித்தது பாவா, தூண்டில் போட்டது நான். அகப்பட்டது என் முழங்கை நீள விரால். இருவரும் உரிமை கொண்டாடினோம். முள்ளும் நூலும் கையும் என்னுடையவை என்று நான் வாதித்தேன். வாதம் வரம்பு முழுக்க நடந்தது. எருமை மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவரிடம் தீர்ப்புக் கேட்டோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இர இல்லாட்டி அது வெறும் முள்ளத் திங்கிறதுக்கா வரும்?”

மீன் பாவா வீட்டுக்குப் போனது. அடுத்த கிழமை நானே சட்டத்தை வாசகமாகச் சொன்னேன்: இரை பிடித்தவருக்கே மீன். பாவா சத்தியம் பண்ணினார். அன்றிலிருந்து ஆளுக்கொரு அத்தாங்கு வலை, ஆளுக்கொரு முட்டி.

27 பெப்ரவரி, ஞாயிறு

விரால் பிடிப்பதைக் கேட்டால் யாரும் சொல்வார்கள். இரை பிடிப்பதுதான் எங்கள் ஞாயிறு. அதை எழுதி வைக்கிறேன்.

குளத்துக்கு முன்னால் வட்டை வாய்க்கால். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் முதலில் குளிர். பிறகு உள்ளங்காலில் சேறு மெத்தென்று விரலிடுக்கால் ஏறும். பாசி கெண்டைக்காலைத் தடவும். அத்தாங்கை — பிரம்பு வளையத்தில் கட்டிய சிறுவலை — புல்லடியில் தாழ்த்தி வைத்து, மறுகாலால் புல்லை மிதித்துக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் சேறுதான் வரும். தூக்கும்போது முதலில் எல்லாம் கறுப்பு: நத்தை, அழுகிய இலை, ஒரு நண்டுக்குஞ்சு. பிறகு அதற்குள் ஒன்று மின்னும். அந்த மின்னலுக்காகத்தான்.

விரல் நீளக் கெண்டை மட்டும். செதில் கழன்றதை எடுப்பதில்லை. முட்டியில் அதே வாய்க்காலின் தண்ணீர், ஒரு கொத்துப் பாசி, வாயில் ஈரத்துணி. நெருக்கி அடைத்தால் செத்துவிடும். செத்த இரையை விரால் திரும்பியும் பார்க்காது. முதுகுச் செட்டையின் கீழே, முள்ளந்தண்டில் படாமல் தூண்டில் முள்ளை ஏற்றிவிட்டால் கெண்டை தன்பாட்டில் நீந்தும். பாவா ஏற்றினால் அது முள் ஏறியதையே அறியாததுபோல் போகும். நான் ஏற்றினால் கொஞ்சம் கோபமாகப் போகும்.

“உங்கட இரையும் உங்களப் போலதான்” என்பார்.

இன்று பாவா போகவில்லை. கடையில் வேலையாம். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை?

6 மார்ச், ஞாயிறு

இன்றும் போகவில்லை. அவர் மனைவி றம்லா என் மனைவி சீதேவிப்பிள்ளையிடம் சொன்னாராம்: “தூண்டில் முள்ளுக்கு எண்ணெ பூசிப் பூசி வெக்கிறார் கா. ஒழுங்காக் கதைக்கிறதும் இல்ல. தனியப் போனா குளம் பொல்லாத பெரிசாம்.”

அப்படியென்றால் நான் அடைத்தது என் வழியை மட்டுமல்ல.

9 மார்ச்

சட்டத்தை நானே ரத்துச் செய்யலாம். செய்தால் இனி எல்லா ஞாயிறும் அவர் பிடித்துத் தர, நான் குந்தியிருந்து கைநீட்ட வேண்டும். முடியாது.

13 மார்ச், ஞாயிறு

யாருக்கும் சொல்லாமல் வண்டில் பிடித்து வாய்க்காலுக்குப் போனேன். அத்தாங்கை நீண்ட மூங்கில் கம்பில் கட்டி, கரையில் நின்றபடி இழுத்துப் பார்த்தேன். காலால் கலக்காமல் கெண்டை எப்படி வரும்? வந்தது பாசியும் நத்தையும். ஒரு நண்டு விரலைக் கவ்விற்று. கம்பு முறிந்து அத்தாங்கு தண்ணீரோடு போச்சு. போகட்டும்! எல்லாம் போகட்டும். வண்டில்காரன் மறுபக்கம் திரும்பி நின்று சிரிச்சான் — எனக்குத் தெரியாதா?

சீதேவிப்பிள்ளை விரலுக்கு மஞ்சள் பூசினாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. என் சாரத்தில் பாசி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

27 மார்ச், ஞாயிறு

காலையில் முகம் கழுவக் கிணற்றில் வாளி விட்டேன். தூக்கியபோது உள்ளே ஒன்று மின்னியது.

கெண்டை. விரல் நீளம்.

எட்டிப் பார்த்தேன். வெயில் விழும் பக்கத்தில் ஒரு கூட்டம், நிழல் பட்டதும் கலைந்தது.

எங்கள் கிணற்றுக்கு இடுப்பளவு செங்கல் கட்டு. சுற்றிவர மணல். வாய்க்கால் எதுவும் அருகில் இல்லை. மழையும் பெய்யவில்லை. மனைவியிடம் விசாரித்தேன்.

“மழையோட விழுந்திருக்கும்.”

“மழை எங்க பெஞ்சது?”

“ஏன், பெய்யிற மழையெல்லாம் உங்கட பத்திரிகையில வருமா?”

பின்னேரம் பாவா வெற்றிலை போட வந்தார். அவரிடமும் விசாரித்தேன்.

“கொக்கு கொண்டுவந்து போட்டிருக்கும் மச்சான்.”

“கொக்கு எதுக்கு மீனக் கொண்டுவந்து என்ட கிணத்துக்குள்ள போடுது?”

“அத கொக்குட்டத்தான் கேக்கணும். நீங்கதானே நிருபர்.”

கண்டவை: எல்லாம் ஒரே அளவு. ஒன்றிலும் செதில் கழன்றிருக்கவில்லை. வாளியோடு வந்த பாசிக்கொத்து வட்டை வாய்க்காலில் வளரும் இனம். கொக்கு இவ்வளவு பார்த்துப் பொறுக்குவதில்லை, பாசியும் கொண்டுவருவதில்லை. செய்தி எழுதப் போதிய ஆதாரம் இருக்கிறது. எழுதப் போவதில்லை.

30 மார்ச்

கிணற்றில் இரை பிடிப்பதும் இலேசல்ல. வாளியைத் தாழ்த்தி, மேலே தவிட்டைத் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் நிழல் விழக்கூடாது. கெண்டை வாளியின் வாய்க்கு மேல் கூடும்போது ஒரே இழுவை. முதல் நாள் முழுக்கத் தண்ணீர்தான் வந்தது. சீதேவிப்பிள்ளை, “நல்ல வேலை, தொட்டி நிரம்பிட்டுது” என்றாள். இன்று கைவந்துவிட்டது.

பிடித்தது நான்தான். அதில் சந்தேகமில்லை.

3 ஏப்ரல், ஞாயிறு

மருதங்குளம். பாவாவின் வண்டிலில் இரைமுட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன். பாவா தன் இரைக்கு வாய்க்காலில் இறங்கினார். குளக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன்: அதே மிதி, அதே கலக்கல், நடுவே ஒரு தும்மல். தாமரையில் வெயில் ஏறவில்லை. நீர்க்காகம் ஒன்று இறகை விரித்துக்கொண்டு இருந்தது. எதுவும் மாறவில்லை, கரையில் இருக்கும் ஆள் மட்டும் மாறியிருந்தார்.

வெயில் ஏறும் நேரம் என் தூண்டில் மிதப்பு ஒருமுறை அசைந்து, பக்கவாட்டில் ஓடி, மறைந்தது. விழுங்கும் மட்டும் பொறுத்தேன். பிறகு இழுத்தேன். பழைய அந்த விராலளவு இல்லை, ஆனாலும் விரால்.

பாவா ஈரத்தோடு வந்து, நீதவான்போல நின்று, முறைப்படி கேட்டார்:

“இர ஆர்ட?”

“என்ட கிணத்து இர.”

“அப்ப மீன் உங்கட.”

முகத்தில் ஒரு அசைவு இல்லை. இந்த மனிதர் இத்தனை வருடம் சீலை விற்றது வீண்போகவில்லை.

திரும்பும்போது ஏறாவூரில் அவர் வீட்டு வாசலில் வண்டில் நின்றது. “மச்சான் விரால் பிடிச்சிட்டார்” என்று பாவா கூப்பிட, றம்லா வந்தார். ஈர்க்கில் கோத்த விராலை அவரிடம் நீட்டினேன்.

“இதென்ன, நீங்க பிடிச்ச மீனெண்டுதானே இப்ப சொன்னாரு?”

“சட்டப்படி இந்த வீட்டுக்குத்தான் சேரணும் தங்கச்சி.”

பாவா மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. எதிர்த்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முன்பெல்லாம் வரம்பு முழுக்க வாதித்தவர்.

“வாங்கி வை புள்ள” என்றார்.

அவ்வளவுதான். பிறகு என்னை வீட்டில் கொண்டுவந்து விடுவதற்காக, அவிழ்த்த கயிற்றைத் திரும்பவும் கட்டினார். வழியில் இருவரும் நெல்லைப் பற்றிப் பேசினோம்.

9 ஏப்ரல், சனி

வாளி விட்டேன். போன கிழமை ஒரு முட்டிக்கு வேண்டிய அளவு பிடித்தேன். கெண்டை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கிணற்றுக் கட்டின் மேல் ஒரு கொத்துப் பாசி, இன்னும் காயாமல் கிடந்தது. எடுத்து முட்டிக்குள் போட்டேன்.

நாளை ஞாயிறு.