காலி ராக்கெட்டுக்குக் காத்திருந்த மாடி

இன்று மாலை கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த செய்தித்தாளில், எண்ணெய் ஊறிய பத்தியொன்றில், ஏதோ ஒரு ராக்கெட்டின் கழன்ற பாகம் கடலில் விழுந்ததாகப் போட்டிருந்தது. பஜ்ஜியைத் தட்டில் கொட்டிவிட்டு, தாளை நீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் எந்தக் கடல், எந்த வேளை என்று என்னைத் துளைத்திருப்பாய்.

உன்னைப் பெண் பார்க்க அம்மாவும் நானும் வாலாஜாபாத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாலை. கருட சேவை முடிந்து ஊர் ஓய்ந்திருந்தது. காபி வந்தது, நீ வரவில்லை. உன் அப்பா சங்கடத்தோடு, "மாடியில இருக்குது. ஏதோ ராக்கெட்டு வருதாம், பார்த்துட்டு வரேன்னுது" என்றார். அம்மாவின் முகம் மாறியது. நான் எழுந்து மேலே வந்தேன்.

பட்டுப்புடவையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அண்ணாந்து நின்றிருந்தாய். என் பக்கம் திரும்பாமலே உன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாய். "சுவாதி நட்சத்திரத்து கிட்ட வரும்போது சொல்றேன். மணி பார்த்து வைங்க."

வடமேற்கிலிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி ஏறி வந்தது. மங்கியது, மினுங்கியது, மறுபடி மங்கியது.

"இதுதான் ராக்கெட்டா?"

"செயற்கைக்கோளை மேல விட்டுட்டு ஓய்ஞ்சுபோன காலி ராக்கெட்டு. குட்டிக்கரணம் போட்டுக்கினே சுத்துது, அதான் மினுக்குது."

மதராசிலிருந்த வானியல் குழுவுக்கு நேரத்தைத் தபாலில் அனுப்பினால், அது எப்போது விழும் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள் என்றாய். பிறகு, "இப்போ" என்றாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி என்ன என்று கேட்டதும் விழித்தேன். "போச்சு" என்று சொல்லி, அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாய்.

பஸ்ஸில் அம்மா, "மாப்பிள்ளையைவிட ராக்கெட்டு பெருசா போச்சு அதுக்கு. வேணாம்பா" என்றாள்.

"எனக்கு அந்தப் பொண்ணுதாம்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு மாடி உன்னுடையதாயிற்று. அரிசி மில்லிலிருந்து தவிடு படிந்த சட்டையோடு நேரே மேலே வந்துவிடுவேன். நடுவானில் அந்தக் காலி ராக்கெட்டு சட்டென்று மறையும்போதெல்லாம் எனக்குப் பதறும். "அணையலைங்க. பூமியோட நிழலுக்குள்ள பூந்துட்டுது" என்பாய். அடுத்த கோடையில், மதராஸ் குழு கணக்குப் போட்டுச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அது வரத் தொடங்கியது. "கீழ இறங்கிக்கினே இருக்குதுங்க. இறங்க இறங்க வேகம் கூடும்" என்றாய்.

பிறகு ஒரு மாலை அது வரவில்லை. அன்றைக்கு அம்மாவும் மேலே வந்து நம்மோடு நின்றிருந்தாள். வானம் முழுக்க நட்சத்திரம் வந்துவிட்டது. "விழுந்துட்டுது" என்று சொல்லும்போதே உனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா உன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எந்த ஊர்ல விழுந்துதோ, யாரும் அடிபடாம இருக்கணும்மா" என்றாள். அழுகைக்கு நடுவே நீ சிரித்துவிட்டாய்.

அதற்கப்புறம் எத்தனையோ பார்த்தோம். எதற்கும் நீ அப்படி அழவில்லை.

நீ போய் இரண்டு வைகாசி ஆகிறது. தெருவில் யாராவது அண்ணாந்து பார்த்தால் இன்னமும் நின்றுவிடுகிறேன். பட்டமோ பருந்தோ, எதுவானாலும் உன்னிடம் சொல்லவேண்டும் என்று நடையை எட்டிப் போடுகிறேன். நம் தெருமுனை திரும்பிய பிறகுதான் வேகம் குறைகிறது.