மூன்று கிலோமீட்டர் தள்ளி

நவம்பர் 2, ஞாயிறு

பனியா புகையா தெரியாத ஒரு மூட்டம். தொண்டையில் கரகரப்பு. நாலேகாலுக்கு அலாரம், நாலு நாற்பதுக்கு வாசல்.

12 கி.மீ., 1 மணி 41 நிமிடம். ஐம்பத்துநாலு வயசுக்கு நன்றாகவே ஓடுகிறேன் என்றார் கோச். அவருக்கு முப்பது. ஐம்பத்துநாலு என்பதை ஏதோ நூற்றிநாலு மாதிரி சொல்கிறார்.

ஜனவரி ஹாஃப் மாரத்தானுக்கு இன்னும் பதினோரு வாரம். 21 கி.மீ. எழுதும்போதே முழங்கால் வலிக்கிறது.

வாங்க வேண்டியது: வாஸலின், பேரீச்சம்பழம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இவருக்கு பி.பி. மாத்திரை, கொத்தமல்லி.

ஃபைவ் கார்டன்ஸிலிருந்து குழுவில் எல்லோரும் வொர்லி பக்கம் போகிறார்கள். நான் மட்டும் வடாலா தாண்டி ஆண்டாப் ஹில். கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்று கோச்சிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். மாட்டுங்காவிலிருந்து அவள் வீடு நேர்வழியில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் இருக்கிறது. மூன்று தள்ளி இருக்கிற என் பெண்ணைப் பார்க்க சயான் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு ஓடுகிறேன்.

பார்ப்பதுகூட இல்லை. எதிரே பால் பூத் ஓரம் நின்று மூன்றாவது மாடியைப் பார்ப்பேன். கொடியில் ஒரு நீலத் துண்டு, ஒரு சுடிதார். இன்றைக்கு உள்ளே விளக்கு எரிந்தது. ஆறு நிமிடம் நின்றேன். அப்புறம் வீடு.

நவம்பர் 4, செவ்வாய்

ரெஸ்ட் டே. ஆபீஸில் சர்வர் டவுன், எல்லோரும் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். இடது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. ஓட்டக் குழுவில் செல்விக்கு இரண்டு நகம் விழுந்தேவிட்டதாம், ஏதோ பரிசு வாங்கின மாதிரி சொல்கிறாள்.

சாயங்காலம் இவர் பால்கனியில் ஃபோன். "மாவு இருக்கோ? சரி சரி. ஜலம் காய்ச்சிக் குடி." என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். யார் என்று கேட்டேன். பேங்க்கிலிருந்து என்றார். பேங்க்காரனை மாவு இருக்கா என்று யார் கேட்பார்கள்.

மாதம் ஒரு முறை அவளிடம் போய்விட்டும் வருகிறார். என்னிடம் சொல்வதில்லை. சட்டையில் அவள் வீட்டு ஊதுவத்தி வாசனை. நான் துவைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செய்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

13 கி.மீ. கடைசி இரண்டில் நடை. கூட்டத்தில் ஒருத்தி தன் பிள்ளைக்கு வரன் பார்க்கிற கதையை ஓடிக்கொண்டே சொன்னாள், மூச்சு எங்கிருந்து வருகிறதோ.

கோச் என் காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மைதிலிஜி, ஷூ பதலோ." அடி வழுக்கையாகிவிட்டது. தெரியும். மாற்ற மாட்டேன்.

ஷூ என் பெண் மைதிலியுடையது. காலேஜில் ஓடினாளே, அப்போது வாங்கினது. கல்யாணத்துக்கு அப்புறம் இங்கேயே கிடந்தது. போன ஆகஸ்டில் அலமாரியைத் துடைக்கும்போது சும்மா போட்டுப் பார்த்தேன். ஆறாம் நம்பர், என் கால்தான் அவளுக்கு. போட்டுக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தேன். ஓட ஆரம்பித்தது அப்படித்தான். ஆரோக்கியம், கொலஸ்ட்ரால் என்று ஆபீஸில் சொல்வதெல்லாம் கதை.

ஃபோனும் அவளுடைய பழைய ஃபோன். ஓட்டத்தை அளக்கிற ஆப்பும் அதிலேயே இருந்தது, அவள் பேரோடு. முதல் நாள் கோச் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு மைதிலிஜி என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. வீட்டில் அந்தப் பேரை இப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வாரம் ஒரு தடவையாவது ரோட்டில் யாராவது கூப்பிடுகிறார்களே.

இன்று பூத் பக்கம் இல்லாமல் கட்டிடத்துக்கு நேர் கீழேயே நின்றேன். அங்கே தண்ணீர் அஞ்சரைக்கு வரும் போலிருக்கிறது, அப்போதே துவைத்துவிடுகிறாள். துணியைப் பிழியவே மாட்டாள், சின்ன வயசிலிருந்து. மேலேயிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

நவம்பர் 12, புதன்

5 கி.மீ. ஈஸி. ஈஸி என்று யார் பேர் வைத்தார்களோ.

வெண்டைக்காய் முற்றல். கேஸ் புக் செய்தாயிற்று. ட்ரெயினில் ஒரு பெண் பெரிய டிராலி பெட்டியோடு ஏறினாள், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டே அவளைத் திட்டியது. எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை.

எழுதித்தான் விடுகிறேனே. போன வருஷம் ஜூன், நல்ல மழை. ஏழு மணி இருக்கும். மணி அடித்தது. மைதிலி, டிராலி பெட்டி, தலையெல்லாம் ஈரம். கல்யாணமாகி எட்டு மாசம். நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நான் சொன்னது: "இப்படி திடீர்னு பொட்டியோட வந்து நின்னா நாலு பேர் என்ன நினைச்சுப்பா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. இன்னிக்கு திரும்பிப் போ, நாளைக்கு அப்பா வந்து பேசுவார்."

இவர் அப்போது வீட்டில் இல்லை. இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அவள் பெட்டியைத் திருப்பினாள். லிஃப்ட் வரும்வரை என் பக்கம் பார்க்காமல் நின்றாள். உள்ளே வா என்று இரண்டு வார்த்தை, அது என் வாயில் வரவில்லை. அவள் புருஷன் கை நீட்டுகிறவன் என்று எனக்கு இரண்டு வாரம் கழித்து இவர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு நான் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், மறைக்கிற பெண் இல்லை அவள்.

அவனிடம் அவள் திரும்பிப் போகவில்லை. ஆபீஸ் சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் ஆண்டாப் ஹில்லில் வாடகைக்கு எடுத்தாள். அவளிடமிருந்து எனக்கு ஃபோன் கிடையாது. நானும் செய்யவில்லை. என்ன என்று ஆரம்பிப்பது?

நவம்பர் 16, ஞாயிறு

14 கி.மீ. கொஞ்சம் குளிர், முதல் தடவையாக.

செல்வி இன்று என்னோடு வந்துவிட்டாள். அவள் தாராவி, முனிசிபல் பள்ளியில் தமிழ் டீச்சர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். வொர்லி ஏற்றம் முழங்காலுக்கு ஆகவில்லையாம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பால் பூத்தில் என் கால் தானாக நின்றுவிட்டது.

"என்னக்கா, இங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?"

சொல்லிவிட்டேன். மழை, பெட்டி, எல்லாம். மைதிலி என் பேரில்லை என்பதையும். ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. செல்வி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல வேளை. என் ஃபோனை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இது ஒங்க மக கணக்குல்லா. அப்பம் நீங்க ஓடுனது பூராவும் அவ போன்லயும் வந்திருக்குமே. மேப்போட."

அவள் இப்போது ஓடுவதில்லை என்றேன். ஓடாவிட்டாலும் வரும் என்றாள். பழைய ஓட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு. சயான் சுற்றி வந்து, இந்தக் கட்டிடத்துக்கு எதிரே நூல் சிடுக்கு விழுந்த மாதிரி ஒரு முடிச்சு. நான் நின்ற இடம். எத்தனை நிமிடம் என்பதுகூட இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து பன்னிரண்டு ஞாயிறு. பன்னிரண்டு முடிச்சு.

அப்போது அவள் ஜன்னலுக்கு வந்து பார்த்திருப்பாளோ? நான் நிமிர்ந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்ததை? வீடு வரை ஓட முடியவில்லை, பஸ்ஸில் வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

உருளைக்கிழங்கு ரோஸ்ட் தீய்ந்துவிட்டது. உளவு பார்க்க வருகிறாள் என்று மைதிலி நினைத்திருப்பாள். அல்லது திமிர், மேலே ஏறி வர கௌரவம் பார்க்கிறாள் என்று. இரண்டாவதில் பாதி நிஜம். பயம் மீதி.

அழித்துவிடலாமா என்று செல்வியிடம் கேட்டேன். அழிக்கலாம், ஆனால் அழித்தாலும் அவள் பார்த்தது பார்த்ததுதானே என்றாள். டீச்சர் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

குழுவோடு வொர்லி. 15 கி.மீ., 2 மணி 2 நிமிடம். இதுவரை ஓடினதிலேயே நல்ல வேகம். கோச் கை தட்டினார், கடலை வைத்து ஃபோட்டோ எடுத்தார்கள், ஒருத்தர் எல்லோருக்கும் அவல் போஹா கொண்டுவந்திருந்தார். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆறரைக்கு அவள் வீட்டில் விளக்கு எரிந்ததா என்பதே நினைப்பு. ஓடின பதினைந்தும் வீண்.

நவம்பர் 25, செவ்வாய்

செல்வியின் மெசேஜ்: "அக்கா, ஆப்பத் தொறந்து ஞாயித்துக்கெழம ஓட்டத்தப் பாருங்க."

ட்ரெயினில் திறந்தேன். எப்போதும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மேலே மார்னிங் ரன் என்று அதுவே போட்டுக்கொள்ளும். வொர்லி ஓட்டத்தில் அதை யாரோ அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். மைதிலிக்குத் தமிழ் எழுத வராது, கான்வென்ட்.

"இந்த வாரம் ஏன் வரல?"

பைகுல்லாவில் இறங்க வேண்டியவள் சி.எஸ்.டி. வரை போய்விட்டேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஆபீஸுக்கு அரை மணி லேட். காரணம்: உடம்பு சரியில்லை.

பதினேழு மாசம் கழித்து என் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கோபமா, கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா? குரல் இல்லாமல் ஒன்றும் புரியவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது இவரிடம், ஞாயிற்றுக்கிழமை மைதிலி வீட்டுக்கு ஏறிப் போகிறேன் என்றேன். மோர் விட்டுக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது.

"லிஃப்ட் கிடையாது. மெதுவா ஏறு."

அவ்வளவுதான். அப்புறம் பாத்திரமெல்லாம் அவரே தேய்த்தார்.

நவம்பர் 29, சனி

நாளை 16 கி.மீ. இடுப்புப் பையில்: ஃபோன், சாவி, இரண்டு பேரீச்சம்பழம், ஓ.ஆர்.எஸ். மீதி இடத்தில் உப்பு நாரத்தங்காய், சின்ன பாக்கெட். டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

பேசக் கூடாதது:
அவன்.
நாலு பேர்.
இளைச்சுப் போயிட்டே.
ஆத்துக்கு எப்போ வரே.
அழுகை (முடிந்தால்).

பேச வேண்டியது ஒன்றுதான். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், சினிமா மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மத்தியானம் எழுதுகிறேன். கால் பக்கெட் தண்ணீரில்.

காலையில் நல்ல காற்று, வானம் சுத்தம். முதலில் அங்கே போய்விட்டால் மீதி ஓட முடியாது என்று 16-ஐயும் முடித்துக்கொண்டு போனேன். தள்ளிப்போட்டேன் என்பதுதான் நிஜம். ஏழே கால். பூத்தில் பால்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவருக்கு நான் வாடிக்கை மாதிரி. இன்று நிற்கவில்லை. ரோட்டைக் கடந்தேன்.

மூன்று மாடி. இரண்டாவது மாடியில் யாரோ பூண்டு தாளித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை அடிக்கலாமா, திரும்பிவிடலாமா என்று கை தூக்கினபடி நின்றேன்.

திறந்தாள். முடியைக் கத்தரித்திருக்கிறாள், காது வரை. என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தாள்.

"என் ஷூதானே இது? அடி மொத்தமும் தேஞ்சு போயிருக்கு. முட்டி என்னத்துக்கு ஆகும்?"

நான் வாசலுக்கு வெளியே. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே. அன்றைக்கு மாதிரியே, இடம் மட்டும் மாறி. திரும்பிப் போ என்று சொன்னால் போயிருப்பேன், அவளுக்கு அந்த உரிமை உண்டு. தயார் செய்தது எதுவும் நினைவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்டிருக்கணும் மைதிலி."

"ஆமா. கேட்டிருக்கணும்."

கீழே பஸ் ஹார்ன். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, அவள் அழுகை என்று நினைத்திருப்பாள். இரண்டும்தான்.

"எட்டரைக்குக் கிளம்பணும் எனக்கு. சண்டே ஷிஃப்ட்." கதவை விட்டாள். "ஷூவைக் கழட்டிண்டு உள்ள வாம்மா."

ஒரே அறை, சமையல் மேடை, கட்டில். ஒரு நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். இன்னொரு டம்ளர். நாரத்தங்காய் பாக்கெட்டை மேடையில் வைத்தேன். பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு துணி மடித்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். போர்வை, இரண்டு பேர் இருந்தால்தான் சரியாக மடியும். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிச்சுட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவள் சொன்னது: புது ஷூ வாங்கு, ரேஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே போட்டுப் பழகணும்.

பஸ்ஸில் வந்தேன். இவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "ஏறினியா?" என்றார். ஏறினேன் என்றேன்.

ஆப்பை நிறுத்த மறந்துபோய் பஸ் பயணம் வரை ஓடியிருக்கிறது. கோச் மெசேஜ்: நாற்பத்தொரு நிமிடம் ஒரே இடத்தில் நின்றது ஏன், அப்புறம் மூன்று கிலோமீட்டர் இவ்வளவு வேகம் எப்படி, மைதிலிஜி? இன்னும் பதில் போடவில்லை.

மூன்று மணி. திரும்பத் திறந்து பார்த்தேன். மார்னிங் ரன் போயிருந்தது. அந்த இடத்தில், அவள் எழுதினது:

"அம்மா வந்துட்டா."