தானாக ஆடிய தலை

மூத்தவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல ஐந்தாம் வகுப்பு டீச்சர் இதை எழுதுகிறார்.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் சம்பளம் கட்டுப்படியாகாமல் போய்விட்டார். புது ஆள் வரும்வரை, மணியடிக்கும் என்னை அங்கே உட்காரச் சொன்னார்கள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத்தான் ஒருமுறை கேட்டால் மறக்காதே! பதிவேட்டை விரித்துவைத்து, நாற்பத்தொரு பெயரையும் தினமும் வரிசையாகக் கூப்பிட்டேன். சும்மா ஒரு ஜம்பம்.

எந்தப் பள்ளிக்கு வாத்தியார் வேண்டும் என்று பார்க்க அதிகாரி வந்தார். "நீங்கதான் இந்த வகுப்பு வாத்தியாரா?" என்றார். முப்பது வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தலை தானாக ஆடிவிட்டது. வாத்தியார் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். இந்த வருடம் இனி ஆள் வராதாம்.

நீ கவலைப்படாதே, என் வேலை போகவில்லை. பழைய போர்வையை அனுப்பு. பொட்டலத்தை நீயே கட்டு, உன் முடிச்சைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும்.

இன்று முன்வரிசைப் பெண், "தாத்தா, பேரு கூப்பிட்டாச்சு, பாடம் எப்போ?" என்றாள். மணியடிக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

டீச்சருக்கு வகுப்பு இருக்கிறது. நிறுத்துகிறேன்.