மாப்பிள்ளைக்கு நாள் கிழமை தெரியாது

பங்குனி 2, திங்கள்

வெயில் அதற்குள் வந்துவிட்டது. ஆபீஸ் ஏசி ஒழுகுகிறது. அடியில் வாளி. கட்டட ஓனர் அண்ணாச்சியிடம் சொன்னால் சரிசெய்து தருவார். இந்த மாதத்தோடு காலி செய்தாலும் செய்யப்போகிற இடத்துக்கு எந்த முகத்தோடு ஏசி கேட்பது?

கீழே அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் குடோன். இன்று லோடு இறக்கினார்கள். மாடியில் ஆறு பேருக்கும் தும்மல். இங்கிலாந்திலிருந்து ஹெலன் பேசிக்கொண்டிருந்தபோது நானும் விடாமல் தும்மினேன். ஒவ்வொரு தும்மலுக்கும் வாழ்த்துச் சொல்கிறார். பாவம், நாங்கள் வருடம் பூராவும் ஜலதோஷக்காரர்கள் என்றே நினைத்திருப்பார்.

ஹெலனுடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் மெயின்ஃப்ரேமில், அந்தப் பெரிய கம்ப்யூட்டரில், விடிய விடிய ஜாப்கள் ஓடும்; ஒவ்வொன்றும் ஒரு கணக்கு வேலை. ஏதாவது ஒன்று பாதியில் நின்று விழுந்தால் இதுவரை எங்களைக் கேட்டார்கள். இனிமேல் முதலில் எங்கள் ஏஐயைக் கேட்க வேண்டும். எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்லும். எங்களுடைய பழைய புகார்க் குறிப்புகளை எல்லாம் படிக்கக் கொடுத்து வளர்த்திருக்கிறோம். கம்பெனி வைத்த பெயர் ஏதோ நீளமாக. பக்கத்து சீட் பாண்டியம்மாள் வைத்தது ‘மாப்பிள்ளை’.

“வந்து உக்காந்துக்கிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசுதுல்லக்கா. நாமதான் கூடக்கூட ஓடி எடுத்து வைக்கோம்” என்றாள்.

சென்னையிலிருந்து மேனேஜர் சுந்தர் சாயங்காலம் போன். சுற்றி வளைக்கவில்லை. ஹெலன் மாப்பிள்ளையை ஏற்றுக்கொண்டால் அதைப் பார்த்துக்கொள்ள விருதுநகர் ஆபீஸ் இருக்கும். இல்லையென்றால் பங்குனியோடு பூட்டு, ஆறு பேரும் சென்னைக்கு. புதன்கிழமை ஹெலன் முன்னால் செய்துகாட்ட வேண்டும்.

வாங்க: நல்லெண்ணெய், சீரகம், பெரிய வாளி.

பங்குனி 4, புதன்

மானம் போயிற்று.

முதலில் நன்றாகத்தான் போனது. ஹெலன் கேட்டதற்கெல்லாம் மாப்பிள்ளை டக் டக்கென்று பதில். பாண்டியம்மாள் மேசைக்கடியில் என் காலைத் தட்டிச் சிரித்தாள். பிறகு ஹெலன் சாதாரணமாக ஒன்று கேட்டார். காலையில் ஓடும் பிரீமியம் ரிப்போர்ட் ஜாப் விழுந்தால் என்ன செய்ய?

மாப்பிள்ளை: ‘நிறுத்தி வையுங்கள். நாளை காலை ஓடவிடுங்கள். சரியாக ஓடும்.’

அந்த ரிப்போர்ட் அன்றைக்கே வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர்களுடைய கிளைகளில் ஆட்கள் வேலையைத் தொடங்குவார்கள். ஹெலன் முகத்தில் சிரிப்பு இல்லை. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். அதே பதில், அதே தெம்பு. ஏன் என்று கேட்டதற்கு, ‘எப்போதும் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது’ என்றது.

அப்படிச் செய்யவே மாட்டோம்! கோப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்போம், வந்திருந்தால் மறுபடி ஓட்டுவோம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. யார் இதற்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?

ஹெலன் திங்கள்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னது என்று காரணம் தெரிய வேண்டுமாம். பதிலைத் திருத்தினால் மட்டும் போதாதாம். நியாயம்தான். எனக்கே தெரிய வேண்டும்.

ராத்திரிச் சாப்பாடு எண்ணெய்ப் புரோட்டா, வீட்டுக்காரர் வாங்கி வந்தது. கோபத்தில் ஒன்று அதிகம்.

பங்குனி 5, வியாழன்

குறிப்புகளைத் தோண்டினோம். அந்த ஜாப் விழுந்ததாக எழுதியிருப்பவை மொத்தமே கொஞ்சம்தான். எல்லாவற்றிலும் ‘நிறுத்தி வைத்தோம், மறுநாள் ஓடவிட்டோம், சரி.’ எழுதியது நாங்கள்தான். ஏன் எழுதினோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

மதியம் பாண்டியம்மாள் போனைப் பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள். தாயில்பட்டிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது என்று வாட்ஸப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். அங்கேதான் அவள் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகணும், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. பையைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

சாத்தூர் தாண்டும்போது போன் செய்தாள். கல்குவாரி வெடியாம். ஒன்றும் இல்லையாம். அழுதுகொண்டே சொன்னாள்.

“இன்னிக்கி ஒண்ணுமில்ல, சரிக்கா. மெட்ராஸ்ல இருந்தேன்னா நான் எப்படிக்கா வருவேன்? அதுக்குத்தான் நா போக மாட்டேங்கேன். வேலய விட்டாலும் விட்டுருவேன்.”

அவள் வேலையை விட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆறு பேர் ஆபீஸ் என்று சுந்தருக்குச் சுலபமாகச் சொல்லிவிட வருகிறது. பயமாக இருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும் வழியில் அவள் கேட்டதற்கெல்லாம் ம் ம் என்றேன்.

பங்குனி 6, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

காலையில் வந்ததும் பாண்டியம்மாள் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பைத் திறந்தாள். அந்தக் குறிப்பு எழுதிய நாட்களில் குரூப்பில் என்ன பேசினோம் என்று பார்க்க. பழைய பேச்சைத் தள்ளிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். திரையில் ஒரு போட்டோ. நானும் அவளும் மஞ்சள் சேலை. பின்னால் தீச்சட்டிக் கூட்டம். எனக்கு வாயெல்லாம் பொரிகடலை.

“யக்கா... அன்னிக்கி நாம வேலைலயே இல்லக்கா!”

அடுத்த குறிப்பின் தேதி. அதே கூட்டம், அதற்கு முந்திய வருடம். அதற்கடுத்ததும் அப்படியே.

பங்குனிப் பொங்கல், எங்கள் ஊர் அம்மன் திருவிழா! தீச்சட்டி அன்று ஆறு பேருமே லீவு. கோயில் வரிசையில் நிற்கிற யாரோ ஒருவர் கையில் போன். ரிப்போர்ட் ஜாப் விழுந்தால் அன்று ஒரு நாள் நாளைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று ஹெலனுக்கு முன்னால் இருந்தவர் ஒப்புக்கொண்டிருந்தார். வாய்வார்த்தைதான், எழுத்தில் கிடையாது. மற்ற நாளெல்லாம் அது விழுந்தால் உடனே கையால் சரி செய்துவிடுவோம், குறிப்பு எழுதுகிற அளவுக்கு விடமாட்டோம். நிறுத்தி வைத்தால் மட்டும்தான் எழுதியே ஆக வேண்டும். ஆக, எழுத்தில் இருந்தது பூராவும் பொங்கல். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, வருடத்தில் எல்லா நாளும் விருதுநகரில் தீச்சட்டி என்று நினைத்திருக்கிறது.

பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார். “என்னம்மா, இம்புட்டுச் சிரிப்பு? சாப்பிட்டீகளா, இல்ல சிரிச்சே வயித்த ரொப்பிட்டீகளா?” விஷயத்தைச் சொன்னோம். மிஷின் லீவு போட்டதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். வாளியையும் பார்த்தார்.

பங்குனி 7, சனி

வீட்டில் எடுபிடி வேலை. தோசைக்கு அரைத்தது. பிள்ளையின் யூனிஃபார்முக்குப் பொத்தான்.

அவரிடம் கதை சொன்னேன். சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவருக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா?

“ஒங்க மாப்பிள்ளைக்கு நாள் கெழமையே தெரியாதா? எம்புட்டுப் பெரிய கம்பெனி, ஒரு தேதிக் காலண்டர் வாங்கி மாட்டலயா?”

“மாட்டுறதுக்கு அதுக்குச் செவுரு இல்லீங்க.”

“நம்ம ஊர்ப் பொங்கல எந்தக் காலண்டர்லயும் செவப்புல போட மாட்டாக, தனம். கோயில்ல சாட்டி அறிவிச்சாத்தான் தேதியே. நீயே சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு.”

உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான்:
— பங்குனிப் பொங்கல். தீச்சட்டி, தேர்.
— இருக்கன்குடி கோயில், ஆடிக் கடைசி வெள்ளி. (பாதி ஆபீஸ் லீவு)
— தீபாவளிக்கு முந்தின நாள். (பட்டாசு வாங்கித் தரச்சொல்லி வெளியூர்ச் சொந்தமெல்லாம் போன் பண்ணும் நாள். வேலை ஓடாது)

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கரிநாள், ராகுகாலம் எல்லாம் போடச் சொன்னார். ராகுகாலத்தில் ஜாப் ஓடாது என்று மாப்பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் சுந்தர் என்னைத் தேடி இங்கேயே வந்துவிடுவார் என்றேன். பிள்ளை உள்ளிருந்து சிரித்தாள்.

சாதாரண நாளில் நாங்கள் கையால் செய்கிறதையும் முதல் முறையாக முழுசாக எழுதினேன். இத்தனை வருடம் இதை எழுதத் தோன்றவேயில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று.

பங்குனி 9, திங்கள்

நேற்று பொங்கல் சாட்டியாயிற்று. கையில் காப்பு.

காலையிலேயே சுந்தர் போன். சென்னைக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹெலனிடம் பேச வேண்டுமாம். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டித் தங்க மாட்டோம் என்றேன். “சரி, அங்க இருந்தே பேசுங்க. ஆனா இந்தத் திருவிழா விஷயமெல்லாம் வேண்டாம் தனம். டேட்டால பிரச்சனை, சரி பண்ணிட்டோம்னு முடிச்சுக்கலாம்” என்றார்.

எனக்குச் சுள்ளென்றது. பொய் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஹெலன் கேட்டது காரணம். டேட்டா என்றால் என்ன, நாங்கள்தானே?

ஹெலனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போட்டோவையும் காட்டினேன். பொரிகடலை வாயோடு. சுந்தர் தன் வீடியோவை அணைத்துவிட்டார்.

ஹெலன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். தலையில் இருப்பது நிஜ நெருப்பா என்றார். கையில், நிஜம்தான் என்றேன். பிறகு கேட்டது இரண்டே கேள்வி. அந்த ஒரு நாள் தள்ளிப்போனதால் அங்கே யாருக்காவது பாதிப்பு வந்ததா? இல்லை. இந்த வருடம் அது எந்த நாள்? சொன்னேன்.

அப்படியானால் தானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்த முறை எழுத்தில் இருக்கட்டும் என்றார். இரண்டு வாரம் மற்ற ஜாப்களுக்கு மாப்பிள்ளை எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பாராம். கடைசிப் பரீட்சை தீச்சட்டி அன்றைக்கே. எங்கள் ஆறு பேருக்கும் முழு லீவு, வரிசையில் போனோடு யாரும் நிற்கக் கூடாது. அங்கே டியூட்டியில் இருப்பவருக்கு மாப்பிள்ளை மட்டுமே துணை. எங்களை அழைக்காமல் அந்த நாள் முடிந்தால் கையெழுத்து. அழைக்க வேண்டி வந்தால் இல்லை.

பேச்சு முடிகிற நேரம் பார்த்து எனக்குத் தும்மல்.

பங்குனி 17, செவ்வாய்

இன்று ரிப்போர்ட் ஜாப் விழுந்தது. மாப்பிள்ளை, ‘கோப்பு வந்திருக்கிறதா பாருங்கள்’ என்றது. வந்திருந்தது. ஓட்டினார்கள், ஓடியது. பாண்டியம்மாள் திரைக்குத் திருஷ்டி கழித்தாள்.

தன் அம்மாவிடம் சொல்லி மாப்பிள்ளைக்கும் சேர்த்து அம்மனை வேண்டிக்கொண்டாளாம். எதற்கு என்று கேட்டேன். “மாப்பிள்ளைக்கு இல்லக்கா. நமக்கு.”

பங்குனி 22, ஞாயிறு

பொங்கல் நன்றாகப் பொங்கியது, கிழக்குப் பக்கமாக. அவர் விரதம், நாளைக்குச் சட்டி எடுக்கிறார். நான் கரண்டியோடு நிற்கிறேனே தவிர மனசு இங்கிலாந்தில். பிள்ளை, “போன உள்ள வைம்மா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

பங்குனி 23, திங்கள்

கை வலிக்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதணும்.

ஊரே மஞ்சள். அவர் கையில் சட்டி, பக்கத்தில் நான் வேப்பிலையோடு. பாண்டியம்மாளும் அவள் அம்மாவும் தாயில்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு இன்று கம்பெனி லீவு. அவள் முகத்தில் அந்த நிம்மதி எனக்குத் தெரியும்.

தெப்பக்குளம் திரும்பும்போது போன் அதிர்ந்தது. சுந்தர். எடுக்கவா வேண்டாமா? எடுத்தேன்.

“தனம், ரிப்போர்ட் ஜாப் விழுந்துடுச்சு.”

“யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“இல்ல. மாப்பிள்ளையத்தான் கேட்டிருக்காங்க.” சுந்தரும் மாப்பிள்ளை என்கிறார்! “நிறுத்தி வைங்க, நாளைக்கு ஓடவிடுங்கன்னு சொல்லியிருக்கு.”

அதே பதில். எழுத்து மாறாமல் அதே பதில். ஒரு நொடி கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் இடித்தார்.

“கீழ இன்னும் இருக்கு, படிக்கறேன். ‘இன்று விருதுநகரில் பங்குனிப் பொங்கல். இந்த ரிப்போர்ட்டை நாளை வரை தள்ள ஹெலன் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்கிறார். குழுவை அழைக்க வேண்டாம்.’ ஹெலன் இப்பதான் மெயில் போட்டாங்க. இதுவே போதுமாம், கையெழுத்துப் போடறாங்களாம். உங்களைக் கூப்பிடக்கூடாதுன்னு அவங்க சொன்னாங்க. நான்தான் இருக்க முடியாம கூப்பிட்டேன்.”

கொட்டுச் சத்தத்தில் பாண்டியம்மாளின் காதில் கத்தினேன். எங்கனயும் போக வேண்டாம், இங்கனதான். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்திக் குலவை போட்டாள். எதற்கு என்று தெரியாமலே சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தெரு முனை வரை போனது அந்தச் சத்தம். நானும் போட்டேன். எனக்குச் சரியாக வராது, இன்று வந்தது.

அவர் சட்டியோடு திரும்பிப் பார்த்து, “என்ன?” என்றார். “நடங்க” என்றேன்.

பங்குனி 25, புதன்

வெயில் அதிகம். நிறுத்தி வைத்த ஜாப் நேற்றே ஓடிவிட்டது. வத்தல் லோடு, தும்மல்.

அண்ணாச்சியிடம் ஏசி சொல்லியாயிற்று.